அலுவலக நேரமும் உடல் இயக்கமும்

(இளம் அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் பங்கு கொண்ட கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளைப் பற்றிய ஒரு செய்தியோடு தொடங்க விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் அம்மாநகரப் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய சுமார் 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தனர். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே வேளையில், ஏறத்தாழ ஒரே வாழ்க்கை நிலையில் இருந்து வேலை பார்த்தவர்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காகப் பல நூறு படிகளை நாள்தோறும் ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வந்தது. வந்தவர்களிலும் உடனே உயிரிழந்தோர் குறைவு. 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாயின. கடிதப் பட்டுவாடா செய்த தபால்காரர்களையும், நாற்காலியை விட்டு அகலாத தபால் துறை எழுத்தர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும் ஒப்பிட்டபோதும் அதே போக்கே காணப்பட்டது.

இந்த ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதற்கு அடுத்து நடந்ததை அவ்வளவாகச் சொல்வதில்லை. தம் முடிவையே ஐயுற்றுப் பார்த்த அக்குழுவினர், 1956இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டார்கள். நிறுவனம் வழங்கிய சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுகளை எடுத்துப் பார்த்தபோது, இளவயது ஓட்டுநர்களே கூட நடத்துநர்களைவிடப் பருத்திருந்தது தெரிய வந்தது. ஆகவே வேறுபாடு முழுவதையும் படிக்கட்டின் கணக்கில் எழுதிவிட முடியாது. உடல்வாகு பருத்தவர்கள் தொடக்கத்திலேயே ஓட்டுநர் இருக்கையை நாடியிருக்கலாம். இந்த ஐயத்தைத் தீர்க்கும் முயற்சியில் மாரிஸ் பின்னர் அணுகியது யாரைத் தெரியுமா? உங்களைப் போன்ற அரசு ஊழியர்களைத்தான். பிரிட்டிஷ் அரசுப் பணியில் நாற்காலி வேலை பார்த்த சுமார் 17,000 நடுவயது ஆண்கள், தங்கள் ஓய்வு நாட்களில் என்ன செய்தார்கள் என்று எழுதித் தந்தார்கள். விறுவிறுப்பான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதயநோய் அபாயம் மற்றவர்களுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது என 1973இல் வெளியான கட்டுரை கூறியது. அலுவல் ஒன்றே, பதவியும் ஒன்றே, வேறுபட்டது உடலின் இயக்கம் மட்டுமே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 22 பேர் போதிய உடல் இயக்கம் இல்லாதவர்களாக மதிப்பிடப்பட்டனர். 2022இல் இந்த விகிதம் ஏறத்தாழ 50 ஆக உயர்ந்துவிட்டது. பெண்களிடையே 57 விழுக்காடு, ஆண்களிடையே 42. 2024இல் வெளியான பன்னாட்டு மதிப்பீட்டின் கணக்கு இது. வீட்டு வேலை, தொழில், போக்குவரத்து, ஓய்வுநேர விளையாட்டு ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே இந்த நிலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியிடப்பட்ட ஆய்வோ, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாகத் தெரிவித்தது. உணவு, பரம்பரை, வயது என இந்நோய்க்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் அலுவலகத் தலைமை தன் கையெழுத்தால் ஓரளவேனும் மாற்றக்கூடியது உடல் இயக்கம் ஒன்றே என்பதால் அதையே இன்று பேசுகிறேன்.

நம்முடைய தொழில் சட்டங்கள் யாரை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டன என்பதைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்றபடியே வேலை செய்ய வேண்டிய தொழிலாளிக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது அமர்ந்து கொள்ள இருக்கை வசதி வேண்டும் என்று கூறியது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது வேலை வாங்கலாகாது. அரை மணி ஓய்வு தர வேண்டும் என்றது 55ஆம் பிரிவு. அச்சட்டத்துக்குப் பதிலாக, 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைமைகள் தொகுப்புச் சட்டமும் நிற்பவருக்கான இருக்கையைக் காத்துள்ளது. கடை ஊழியர்களுக்கு அமரும் உரிமையைக் கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத் திருத்தத்தின் வாயிலாக வழங்கின. துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்று கால் வீங்கிய பெண்களின் போராட்டம் அத்திருத்தங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இவை யாவும் தேவையான பாதுகாப்புகளே. ஆனால் எட்டு மணி நேரம் எழுந்திராமல் கணினியின் முன் அமர்ந்திருப்பவரைச் சட்டம் இன்னும் ஓர் இன்னலுக்கு ஆளானவராகக் கருதவில்லை. நாற்காலி நம் சமூகத்தில் உயர்வின் அடையாளம். அதனால் விளையும் கேட்டைக் குறித்து முறையிடுவோரும் இலர்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். 'மூட்டை சுமப்பவர்க்கு உடற்பயிற்சி தானாகவே கிடைத்துவிடுகிறது; அவர் பேறு பெற்றவர்' என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். டென்மார்க் முதலிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. தன் விருப்பப்படி முக்கால் மணி நேரம் விரைந்து நடப்பவரின் இதயத்துக்குக் கிட்டும் நன்மை, ஓய்வின்றி நாள் முழுவதும் பளு தூக்குபவரின் இதயத்துக்குக் கிட்டுவதில்லை. சில வேளைகளில் எதிர்விளைவே ஏற்படுகிறது. ஆகையால் பணியிடக் கொள்கை என்பது எல்லாரையும் ஒரே அளவில் ஓடச் சொல்வதாக இருத்தல் கூடாது. அமர்ந்தவரை எழுப்புவதும், நின்றவரை அமர்த்துவதும் ஒரே கொள்கையின் இரு பகுதிகள்.

அரசும் பொதுத்துறையும் உடல் இயக்கத்தை ஊக்குவிக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஊக்குவித்திருக்கின்றன, ஒரு குறிப்பிட்ட வகையில். இரயில்வேயின் விளையாட்டு அமைப்பு 1928ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பி.டி. உஷா தென்னக இரயில்வேயில் பணியாற்றியதை யாவரும் அறிவர். மத்திய அரசு ஊழியர்களுக்கெனப் பண்பாட்டு, விளையாட்டு வாரியம் ஒன்று இயங்கி, அமைச்சகங்களுக்கு இடையே போட்டிகளை நடத்துகிறது. தேசிய, சர்வதேசப் போட்டிகளில் கலந்து கொள்வோர்க்குச் சிறப்புத் தற்செயல் விடுப்பு உண்டு. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஏற்கெனவே ஆடத் தெரிந்தவரை நோக்கியவை. ஐம்பத்திரண்டு வயதில் மூட்டு வலியோடு கோப்புகளைப் பார்க்கும் கண்காணிப்பாளர், ஆண்டு விளையாட்டு விழாவன்று பந்தலின் கீழ் அமர்ந்து கைதட்டுகிறார்; அவருடைய பங்கு அதோடு முடிகிறது. பத்துப் பேர் கோப்பை வெல்வதும், ஆயிரம் பேர் மாடிப்படி ஏறுவதும் இருவேறு நோக்கங்கள். முன்னதற்கு வரவு செலவுத் திட்டத்தில் தலைப்பு இருக்கிறது. பின்னதற்கு இல்லை.

தனியார் துறையிலும் இதன் சாயலைக் காணலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின்கீழ், நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவினத்தில் கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி இடம் பெறுகிறது. தம் சொந்தப் பணியாளர்களுக்கு மட்டும் பயன் தரும் செயல்களை அக்கணக்கில் காட்ட இயலாது. என் கருத்தில் இந்த விலக்கு சரியானதே. தொழிலாளியின் உடல்நலம் தருமச் செலவு அன்று. அது உற்பத்திச் செலவின் ஒரு பகுதி. இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவதை எந்த முதலாளியும் நன்கொடையாக எழுதுவதில்லை.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடல் இயக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. விறுவிறுப்பான நடை இதில் அடங்கும். ஒரு சிறு கணக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கோ இரயில் நிலையத்துக்கோ, அங்கிருந்து அலுவலகத்துக்கோ ஒருவர் போகும்போது 15 நிமிடம், வரும்போது 15 நிமிடம் விரைந்து நடப்பாரானால், ஐந்து வேலை நாட்களில் 150 நிமிடங்கள் நிறைவு பெறுகின்றன. உடற்பயிற்சிக் கூடமும் வேண்டாம்; தனி உடையும் வேண்டாம். எனவே பணியாளர் உடல்நலத்தைப் பற்றிய மிகப் பெரிய முடிவு, அலுவலகத்தை எங்கே கட்டுகிறோம் என்பதிலேயே எடுக்கப்பட்டு விடுகிறது. ஊருக்கு வெளியே, பேருந்து எட்டாத இடத்தில் பெரிய வளாகம் எழுப்பி, வாயிற்படி வரை வண்டி வசதி செய்து கொடுத்துவிட்டு, அதன் பிறகு வளாகத்துக்குள் நடைபாதை அமைப்பது தலைகீழான வேலை. நகரின் நடைபாதைகள் அலுவலகத் தலைவரின் அதிகாரத்துக்கு உட்பட்டவை அல்ல என்பது உண்மை. ஆனால் உங்களில் சிலர் நாளை நகராட்சி ஆணையர்களாகப் பொறுப்பேற்கப் போகிறவர்கள். நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இல் ஏற்றுக்கொண்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

மிதிவண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசில் மிதிவண்டி வாங்க முன்பணம் பெறும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி அது நின்றுவிட்டது. மிதிவண்டிப் படியையும் நீக்கிவிடலாம் என்றே அக்குழு கூறியது. 2017இல் அமைச்சரவை அதை ஏற்காமல், தபால்காரர்களுக்கும் இரயில் பாதைப் பணியாளர்களுக்கும் அப்படியை மாதம் 90 ரூபாயிலிருந்து 180 ரூபாயாக உயர்த்தியது. மிதிவண்டி ஏழையின் வாகனம், அதில் வருபவர் கடைநிலை ஊழியர் என்னும் எண்ணம் நம் விதிமுறைகளுக்குள்ளும் குடியிருக்கிறது. ஓர் இணைச் செயலாளர் மிதிவண்டியில் வந்து இறங்கினால் வாயிற்காவலர் எங்கே நிறுத்தச் சொல்வார் என்று எண்ணிப் பாருங்கள். கூரையிட்ட நிறுத்துமிடம், முகம் கழுவி உடை மாற்ற ஓர் அறை, இவ்விரண்டும் இருந்தால் மிதிவண்டியில் வரத் துணிவோர் பெருகுவர். தொழிற்சாலைகளுக்குக் குளியலிடமும், மாற்றுடை வைக்கும் இடமும் சட்டத்தில் சொல்லப்பட்டிருக்கின்றன. எழுத்தர் மட்டும் வியர்க்கவே மாட்டார் என்று நாம் கருதிவிட்டோம்.

அண்மையில் பல மாடிகளைக் கொண்ட ஓர் அலுவலகத்துக்குச் சென்றிருந்தேன். லிப்டின் முன் நீண்ட வரிசை. முதல் மாடிக்குச் செல்ல வேண்டியவர்களும் அதில் பொறுமையாக நின்றனர். படிக்கட்டு எங்கே என்று வினவியபோது, ஊழியர் ஒருவர் சற்றுத் தயங்கி, ஒரு கதவைக் காட்டினார். அதன் பின்னே உடைந்த பீரோக்களும், கயிற்றால் கட்டப்பட்ட கோப்பு மூட்டைகளும் படிகளில் பாதியை அடைத்துக் கிடந்தன. விளக்கும் எரியவில்லை. 'படிக்கட்டைப் பயன்படுத்துங்கள், உடல்நலம் காப்பீர்' என்னும் அழகிய சுவரொட்டி லிப்டின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருந்தது. தீ விபத்து நேர்ந்தால் அப்படிக்கட்டு என்ன ஆகும் என்பதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. படிக்கட்டைத் துப்புரவு செய்து, விளக்கிட்டு, வண்ணம் பூசிக் கண்ணில் படும்படி வைத்திருப்பதற்கு ஒரு புதிய திட்டமும் தேவையில்லை. பராமரிப்பு நிதியே போதும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் லிப்டில் காத்திருக்கும் நேரமும் அதனால் குறையும்.

நேரம் என்பது அடுத்த இடர். 'காலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து நடக்கலாமே' என்று ஆண் அலுவலர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூட்ட நெரிசலில் அலுவலகம் வந்து, மாலையில் மீண்டும் அடுப்பங்கரைக்குத் திரும்பும் பெண் ஊழியரிடம் இதைச் சொல்வது பொருளற்றது. பெண்களிடையே 57 விழுக்காடு என்ற எண்ணுக்கு இந்த நேரப் பஞ்சமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அவர்களைப் பொறுத்தவரை, உடல் இயக்கத்துக்கு ஒதுக்கப்படும் நேரம் பணி நேரத்துக்குள் இருந்தால்தான் அது இருக்கும். வெளியே தள்ளினால் மறைந்துவிடும். ஆயுஷ் அமைச்சகம் வகுத்த ஐந்து நிமிட யோக இடைவேளையை அலுவலகங்களில் பின்பற்ற ஊக்குவிக்குமாறு 2021 செப்டம்பரில் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை அமைச்சகங்களைக் கேட்டுக்கொண்டது. நாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் வாரத்துக்கு 25 நிமிடம்; 150க்கு இது ஈடாகாது. எனினும் தொடர்ந்து அமர்ந்திருப்பதை இடையில் முறிக்கிறது; பணி நேரத்திலேயே எழுந்து கையை நீட்டலாம் என்பதை அரசே ஒப்புக்கொண்டது. சுற்றறிக்கையின் பயன் அதை அனுப்புவதில் இல்லை. பிரிவுத் தலைவர் அந்த ஐந்து நிமிடத்தில் கோப்பைக் கேட்டு ஆளனுப்பாமல் இருப்பதில் இருக்கிறது.

இத்தகைய முயற்சிகளால் உண்மையில் பலன் உண்டா? நம் நாட்டுத் தொழிலகங்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பல்வேறு இடங்களில் உள்ள தொழில் நிறுவனங்களின் பணியாளர்களிடையே சில ஆண்டுகள் நடைபெற்ற ஒரு முயற்சியின் முடிவுகள் 2009இல் வெளியாயின. உடல் இயக்கம், உணவு, புகையிலை ஆகியவை பற்றிய கல்வியோடு, பணியிடச் சூழலிலும் மாற்றங்கள் செய்யப்பட்டன. அவ்விடங்களில் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை குறைந்தன. முயற்சி மேற்கொள்ளப்படாமல் ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட இடத்தில் அவை அதே காலத்தில் உயர்ந்தன. ஒன்றும் செய்யாதிருப்பது பழைய நிலையிலேயே நிற்பதாகாது என்பதே அந்த ஒப்பீட்டில் என் கவனத்தைக் கவர்ந்தது.

இங்கே கட்டாயம் பற்றியும் பேச வேண்டும். ஜப்பானில் 1928இல் வானொலி வழியாகக் கூட்டு உடற்பயிற்சி தொடங்கியது. தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் இசைக்கேற்ப யாவரும் ஒன்றாகக் கை உயர்த்தும் வழக்கம் பரவியது. போர்க்காலத்தில் அதே பயிற்சி, மக்களை ஒரே அணியில் நிறுத்தும் கருவியாகவும் பயன்பட்டது. போருக்குப் பின் கைவிடப்பட்டு, 1951இல் புதிய வடிவில் மீண்டும் தொடங்கி இன்றளவும் தொடர்கிறது. ஒரே நிகழ்ச்சி தோழமையாகவும் அமையலாம், அடக்குமுறையாகவும் மாறலாம். இன்று சில நிறுவனங்கள் பணியாளரின் கையில் காலடி எண்ணும் கருவியைக் கட்டி, நாளுக்கு இத்தனை அடி என்று பட்டியலிடுகின்றன. விளையாட்டாகத் தொடங்கும் இந்தப் பட்டியல் பதவி உயர்வுக் கோப்பில் நுழைந்துவிட அதிக காலம் ஆகாது. கருவுற்ற பெண், முடக்குவாதம் உள்ளவர், மன உளைச்சலில் இருப்பவர் ஆகியோர் தம் நிலையை மேலதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருக்கும்படி நேரலாகாது. அந்த விவரங்கள் பணியாளரின் உடைமை. மருத்துவருக்குத் தரலாம், நிர்வாகத்துக்கு வேண்டாம். வாய்ப்பை ஏற்படுத்துவது நிர்வாகத்தின் கடமை. பயன்படுத்துவதும் விடுவதும் பணியாளரின் உரிமை.

கடைசியாக மாணவர்களுக்கு ஒரு வேலை. ஏதேனும் ஒரு பொது அலுவலகத்தை அனுமதி பெற்றுத் தேர்ந்துகொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் லிப்டின் அருகில் நின்று, அதில் ஏறுவோர் எத்தனை பேர், படியில் ஏறுவோர் எத்தனை பேர் என்று ஒரு வாரம் எண்ணுங்கள். பிறகு படிக்கட்டைச் சுத்தம் செய்து விளக்குப் போடும்படி அலுவலகத் தலைவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். அவ்வாறு எண்ணும்போது, துப்புரவுப் பணியாளரும் காவல் பணியாளரும் எந்தப் பட்டியலிலும் இடம் பெறாததைக் காண்பீர்கள். பெரும்பாலும் அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அலுவலகத்தின் உடல்நலத் திட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. காவலர் எத்தனை மணி நேரம் நிற்கிறார், அவருக்கு நாற்காலி உண்டா, இல்லையா என்பதையும் அதே தாளில் தனிப் பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத் தலைவரிடம் அறிக்கையைக் கொடுக்கும்போது இரண்டு எண்களையும் சேர்த்தே கொடுங்கள்.